கை மாறும் குரல்

ஓர் அலுவலகத்திற்கு வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி ஒன்றுதான். உள்ளே பத்து மேசைகளில் பத்துக் கருவிகள் இருக்கும். இடையே சுவரில் மாட்டிய சிறு பெட்டி, வந்த அழைப்பை வேண்டிய மேசைக்கு அனுப்புகின்றது. இதனைக் கிளை இணைப்பகம் எனலாம்.

முன்னாளில் இணைத்தது பெட்டியன்று, மனிதர். 1882-ஆம் ஆண்டில் சென்னையில் தொலைபேசி நிலையம் திறக்கப்பெற்ற காலத்தில், யாருடன் பேச வேண்டும் என்று கேட்டறிந்து இணைப்பதற்குப் பலகையின்முன் பணியாளர் இருந்தனர். அமெரிக்காவில் ஸ்ட்ரௌஜர் என்பவர், இறந்தோர்க்கு ஈமக்கடன் ஏற்பாடு செய்வதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். தமக்கு வரும் அழைப்புகள் தம் போட்டியாளருக்குத் திருப்பப்படுகின்றன என்று அவர் ஐயுற்றார் என்பர். இடையில் ஆளின்றித் தானே இணைக்கும் பொறியை அமைத்து, 1891-இல் காப்புரிமையும் பெற்றார். சினமும் சிலவேளை நன்மை பயக்கும் போலும்!

இணைப்பாளர் மறைந்தார், அவர் பணியோ மறையவில்லை. அலுவலகங்களில் அது மேசைதோறும் பங்கிடப்பட்டது. அழைப்பைப் பிறருக்கு மாற்றுவதற்கு வழி இரண்டு உண்டு. பொத்தானை அழுத்தினால் வெளியார் குரல் நிறுத்தி வைக்கப்படும். அவர் செவியில் இன்னிசை ஒலிக்கும். உரிய கிளை எண்ணை அழுத்தி உடனே ரிசீவரை வைத்துவிடுதல் ஒரு வழி. மறுமுனையில் எடுத்தவரிடம் அழைப்பவர் பெயரையும் செய்தியையும் கூறிய பின்னர் வைத்தல் மற்றொன்று. இதற்கு அரை நிமிடம் கூடுதலாகும். ஆதலால் பெரும்பாலோர் முதல் வழியையே நாடுவர்.

பல்லாண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய அலுவலகத்திற்கு, முகையூரிலிருந்து முதியவர் ஒருவர் பேசினார். அவருடைய உதவித்தொகை இரண்டு திங்களாக வரவில்லை. நேரில் வந்து திரும்பினால் ஒரு பகல் கழிந்துவிடும். ஆகவே, பெட்டிக்கடையில் இருந்த ஒரு ரூபாய்த் தொலைபேசியில் காசு போட்டுப் பேசினார். முதல் மேசையினர் அவரை இரண்டாம் மேசைக்கு மாற்றினர். அவர்கள் மூன்றாவதற்கு மாற்றினர். ஒவ்வொருவரிடமும் அவர் ஊரும் பேரும் சொல்லி முதலிலிருந்து தொடங்கினார். காசும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விழுந்தது. நான்காம் மேசையில் ஆளில்லை. மணி வீணே அடித்தது.

பிற மேசையில் அடிக்கும் மணியைத் தம் கருவியிலேயே எடுக்கும் வசதி அவ்விணைப்பகத்தில் உண்டு. மூத்த எழுத்தராகிய அக்காவைத் தவிர வேறெவரும் அதனைக் கையாண்டு நான் கண்டதில்லை. அவர் எடுத்தார்.

“ஐயா, தங்களிடம் இன்னும் எத்தனை காசு உள்ளது?”

“ஒன்றுதான் தாயே!”

அக்கா கடையின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முதியவரை வைக்கச் சொல்லித் தாமே மீண்டும் அழைத்தார். பின் கோப்பு வைத்திருந்த எழுத்தரிடம், “தம்பி, முகையூர்ப் பெரியவர் இணைப்பில் இருக்கிறார், அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிடுகிறேன்” என்று யாவும் கூறி, மூவரும் ஒருங்கே பேசுமாறு இணைத்தார். முதியவர் மகள் வீட்டிற்குக் குடிபெயர்ந்திருந்தமையால் பணவிடை திரும்பிவிட்டது என்பது சில நிமிடங்களில் வெளிப்பட்டது. எழுத்தர் புதிய முகவரியை அப்பொழுதே கோப்பில் எழுதினார்.

மறுநாட் காலை ஒவ்வொரு கருவியின் அருகிலும் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த மேசை மணியை எடுப்பதற்கு அழுத்த வேண்டிய எண்கள் அதில் இருந்தன. கையெழுத்து அக்காவினுடையது.