வின்ச் கயிறும் பத்துச் சுற்றும்

தேங்காய்த்திட்டு துறைமுகம் பக்கம் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். படகு வந்து அணையும்போது ஒரு பையன் கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்று சுற்றுவான். முனையைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். டன் கணக்கில் எடையுள்ள படகு அப்படியே நின்றுவிடும். முடிச்செல்லாம் அப்புறம்தான்.

பள்ளியில் எங்கள் பிசிக்ஸ் வாத்தியார் ‘ஃப்ரோத்மான்’ (உராய்வு) பாடத்தில் ஒரு பென்சிலையும் நூலையும் வைத்து இதைத்தான் காட்டினார். இதற்குக் கணக்கு எழுதியவர் ஆய்லர், 18ஆம் நூற்றாண்டுக்காரர். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், பெர்லினில் வேலை, எழுதியது பிரெஞ்சில்! அதனால் எங்கள் வாத்தியாருக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

அந்தப் பாடம் ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து உதவும் என்று நான் நினைக்கவில்லை. என் தம்பி மகன் ஜீப் வைத்திருக்கிறான். லீவு விட்டால் கூட்டாளிகளோடு மலைப்பாதையில் சேறு தேடிப் போவான். வண்டி மாட்டிக்கொண்டால் முன்பக்கம் உள்ள வின்ச்சின் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, மோட்டாரை ஓட்டுவார்கள். டிரம்மில் கயிறு சுற்றச் சுற்ற வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். அவன் இரும்புக் கம்பிவடத்தைக் கழற்றிவிட்டு செயற்கை இழைக் கயிறு போட்டிருந்தான். மாற்றிக் கொடுத்த கடைக்காரர் டிரம்மின் ஓட்டையில் கயிற்றை விட்டுப் பெரிய முடிச்சாகப் போட்டிருந்தார். “யானை இழுத்தாலும் வராது பெரியப்பா” என்றான்.

கூடவே இன்னொன்றும் சொன்னான். போன பயணத்தில் கூட்டாளி ஒருவனின் வண்டியைச் சரிவில் இறக்கும்போது கயிறு முழுக்க வெளியே போய் டிரம்மிலிருந்தே உருவிக்கொண்டதாம். வண்டி பள்ளத்தில் போய் நின்றது. கீழே ஆள் நின்றிருந்தால்? சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கயிறு நல்ல சரக்குதான். டைனீமா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். நம் வீட்டுப் பிளாஸ்டிக் பையின் பாலிஎத்திலீன்தான், ஆனால் மூலக்கூறுகள் மிகமிக நீளம். எடைக்கு எடை இரும்பைவிட வலு, தண்ணீரில் மிதக்கும், அறுந்தால் கம்பிவடம் மாதிரி ஆளை அடிக்காது. குறை இரண்டு. ஒன்று, வழுக்கும். இன்னொன்று, சூடு ஆகாது. 150 டிகிரி வாக்கில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே வலு குறையும்.

வழுக்குகிற கயிற்றில் முடிச்சை எப்படி நம்புவது? சரி, டிரம்மில் இருக்கும் போல்ட்டையாவது நம்பலாமா? 4,000 கிலோ இழுக்கிற வின்ச்சில் அந்த போல்ட் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அது முதல் சுற்று நழுவாமல் இருக்க மட்டும். பாரத்தைத் தாங்குவது டிரம்மில் மிச்சமிருக்கும் சுற்றுகள்.

கணக்கைப் பாருங்கள். உராய்வு எண் 0.1 என்று வைத்துக்கொண்டால், ஐந்து சுற்றுக்குப் பிறகு 4,000 கிலோவில் போல்ட்டுக்கு வருவது சுமார் 175 கிலோ. பத்துச் சுற்று இருந்தால் ஏழரை கிலோதான், ஒரு சின்ன அரிசி மூட்டை! சுற்றுக்குச் சுற்று கூட்டல் அல்ல, பெருக்கல். இரும்புக்கு உராய்வு அதிகம் என்பதால் ஐந்து சுற்று போதும் என்பார்கள். செயற்கைக் கயிற்றுக்குக் கையேடுகள் எட்டு, பத்து என்று கேட்பது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். (நான் நாற்காலியில், அவன் தரையில்.) பழைய கம்பிவடம் டிரம்மில் கீறிவைத்த பிசிறுகளை எமரித் தாளால் தேய்த்தான். முடிச்சை வெட்டிவிட்டு, எலக்ட்ரீஷியன் கேபிள் முனையில் போடும் லக் மாதிரி ஒன்றைக் கயிற்று நுனியில் அழுத்தி, டிரம்மின் விளிம்பில் போல்ட்டால் முடுக்கினான். மரை போகும் அளவு முடுக்கக் கூடாது. கயிறு எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுடையதில் டிரம்மின் அடிப்பக்கமாக வெளியே வரவேண்டும். மாற்றிச் சுற்றினால் பிரேக் பிடிக்காது.

வெறுங்கையால் சுற்றினால் கயிறு தொளதொளவென்று உட்காரும். பாரம் ஏறும்போது மேல் சுற்று கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். அதனால் மறுமுனையை ஒரு மரத்தில் மாட்டி, வண்டியையே லேசாக இழுக்கவிட்டு, 200 கிலோவுக்குக் குறையாத இழுப்பில் பக்கம் பக்கமாகச் சுற்றினோம். முதல் அடுக்குக்கு வெப்ப உறை போட்டது ஏன் என்றால், பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்கு உள்ளேதான் இருக்கிறது. வண்டியைச் சரிவில் இறக்கும்போது அது காய்ந்துபோகும். சூடு நேராகக் கயிற்றுக்குத்தான்.

பத்தாவது சுற்று முடிகிற இடத்தில் கயிற்றுக்குச் சிவப்பு மை பூசச் சொன்னேன். அதில் சுமார் 2.3 மீட்டர் கயிறு வீணாகிறது என்று அவனுக்குக் குறை. மரம் எட்டாவிட்டால் நீட்டுப் பட்டை போட்டுக்கொள்ளலாம், எப்போதும் வண்டியிலே கிடக்கட்டும். சிவப்பு வெளியே தெரிந்தால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். மை சேற்றில் அழிந்துவிடும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பூசிக்கொள்வது நல்லது.