நாடுகாணி முக்கு

கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரியும். ஒன்று தேவாலா வழியாகப் பந்தலூருக்கு; மற்றொன்று சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூருக்கு. அந்த முக்குதான் எங்கள் ஊர். விடியுமுன்னே டீக்கடையில் பாய்லர் கொதிக்கும். சுரம் இறங்கப் போகும் லாரி டிரைவர் மலையாளத்தில் சாயா கேட்பார், கடைக்காரர் தமிழில் சில்லறை கேட்பார், பெஞ்சில் இருப்பவர் கன்னடத்தில் மழையைத் திட்டுவார். எல்லாருக்கும் எல்லாம் புரியும்.

எங்களுக்கும் தோட்டங்களுக்கும் முன்பே இந்தக் காடு பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் வீடு. 1880-களில் தேவாலாவில் வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடிப் பாறையைக் குடைந்தார்கள். சில வருஷத்தில் கம்பெனிகள் நொடித்துப் போயின. நின்றது தேயிலைதான்.

அந்தத் தேயிலைதான் என் அப்பாயியையும் இங்கே கொண்டுவந்தது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. இலங்கையில் அட்டன் பக்கத்து லயத்திலிருந்து கிளம்பிய அப்பாயி, தலைமன்னாருக்கு வந்த ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே கடைசிவரை சொன்னாள். ஏறியவர்களும் அழுதார்கள், வழியனுப்பியவர்களும் அழுதார்கள். பிறகு கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், இந்த மலை.

ஜூன் பிறந்தால் மழை விடாது. தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. அப்பாயியின் இடுப்பில் படங்குச் சாக்கு, தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாள், முந்தானையில் முடிந்த உப்பு. அட்டை கடித்தால் வேலையை நிறுத்தக்கூட மாட்டாள். ஒரு கை உப்பைத் தேய்க்கும், மறு கை கொழுந்தைக் கிள்ளும். இரண்டு இலை, ஒரு மொட்டு. அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எனக்கு இன்றும் வரையத் தெரியும். தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, ரேகை நெடுக வெடித்திருக்கும். ராத்திரி சுடவைத்த தேங்காயெண்ணெயை அந்த வெடிப்பில் சொட்டுச் சொட்டாக விடுவது என் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு சொட்டு விடுய்யா" என்பாள். அந்த விரல்கள்தான் எங்களைப் படிக்க வைத்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை வெறித்திருந்தால் சுரத்து வளைவுக்குக் கூட்டிப்போவாள். அங்கே நின்றால் கீழே நிலம்பூர்ச் சமவெளி பச்சையாய் விரியும். "அந்தக் கடைசியில மினுங்குதே, அது கடலாய்யா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். அவள் பார்த்தது மேற்கே. இலங்கை அவள் முதுகுக்குப் பின்னால், எத்தனையோ மலைகளுக்கு அப்பால். பள்ளிக்கூடத்தில் வரைபடம் பார்த்திருந்த எனக்கு அது தெரியும். "ஆமா அப்பாயி" என்பேன்.

லாரிகள் விளக்குப் போட்டு ஏறத் தொடங்கும்வரை நிற்பாள். பிறகு, "வா, ரொட்டிக்குத் தேங்காய் துருவணும்" என்று முன்னால் நடப்பாள்.