படகுத் தலைவர் கட்டிய பாட்டுக் கூடம்

அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத் தலைநகராகிய நாஷ்வில்லுக்கு, உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றை நிறைவேற்றி வைக்கும் பொருட்டுச் சென்றிருந்தோம். திருமணத்திற்கு முந்திய நாள், நகரின் நடுவேயுள்ள வியாகுல மாதா ஆலயத்திற்குச் சென்று செபித்தோம். 1847-ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பெற்ற அவ்வாலயம், பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனையாகவும் இருந்ததாம். வெளியே வந்ததும் உடன் வந்த இளைஞர், “சாமி, இதே தெருவில் இன்னொரு கோவில் இருக்கிறது. ஆனால் அங்கே பூசை கிடையாது, பாட்டுத்தான்” என்று சொல்லிப் புன்னகைத்தார்.

சிறிது தொலைவுதான், நடந்தே போனோம். முன்னர் ஐந்தாம் அவென்யூ என்று வழங்கிய அத்தெருவுக்கு, 2021 முதல் ஜான் லூயிஸ் என்பாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கறுப்பின மக்களுக்கு உணவு மறுத்த கடைகளில், 1960-இல் அமைதியாக அமர்ந்து அறப்போர் புரிந்த மாணவருள் அவரும் ஒருவர். அக்கடைகளுட் சில இத்தெருவிலேயே இருந்தன. நியாயத்துக்காக மக்கள் உட்கார்ந்த தெருவின் வழியே, இசைக்காக மக்கள் உட்காரும் மன்றத்தை அடைந்தோம்.

சிவந்த செங்கற் சுவர், செங்குத்தான கூரை, வளைந்த முகட்டுச் சன்னல்கள், அவற்றில் வண்ணக் கண்ணாடி. கோவில் என்றே எவரும் எண்ணுவர். உள்ளே சென்றால் தனித்தனி நாற்காலிகள் இல்லை. கீழ்த்தளத்திலும் மேல்மாடத்திலும், மேடையைச் சூழ்ந்து வளைந்து செல்லும் நீண்ட ஓக் மரப் பெஞ்சுகளே உள்ளன. 2,362 பேர் தோளோடு தோள் நெருங்கி அமரலாம். ரைமன் மன்றம் என்பது இதன் பெயர்.

தாமஸ் ரைமன் என்பவர் கம்பர்லாந்து ஆற்றில் நீராவிப் படகுகளை ஓட்டிச் செல்வம் சேர்த்தவர். 1885-ஆம் ஆண்டில், சாம் ஜோன்ஸ் என்னும் மெதடிஸ்ட் போதகர் கூடாரமிட்டுப் பிரசங்கித்ததைக் கேட்கச் சென்றார். கேலி செய்யும் நோக்கத்தோடுதான் போனார் என்று ஊரார் கதை சொல்வர். போனவர் மனம் மாறித் திரும்பினார். ஏழை எளியவர் அனைவரும் கூரையின் கீழ் அமர்ந்து இறைவார்த்தையைக் கேட்பதற்கு ஒரு மண்டபம் வேண்டுமென்று முனைந்தார். சுமார் ஒரு லட்சம் டாலர் செலவில், 1892-இல் கட்டடம் நிறைவெய்தியது. யூனியன் நற்செய்திக் கூடாரம் என்று பெயரிட்டனர். 1904-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் ரைமனின் இறுதிச் சடங்கு அம்மண்டபத்திலேயே நடைபெற்றது. அன்று முன்மொழியப்பட்டதன்படி அவருடைய பெயரே மண்டபத்திற்கு நிலைத்தது.

ஆனால் கட்டி முடித்தபோதே கடனும் உடன் வந்தது. கோவில் கட்டிய பங்குத் தந்தையர் எவர்க்கும் இது புதிய செய்தி அன்று! கடனை அடைக்கக் கச்சேரிகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் மண்டபத்தை வாடகைக்கு விட்டனர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், போதகரின் குரல் கடைசிப் பெஞ்சு வரை எட்ட வேண்டுமென்று கட்டப்பட்ட கூடம் அல்லவா? அதே மரமும் வளைவும் பாடகரின் குரலையும் ஏந்திக் கொண்டன. 1897-இல் மேல்மாடம் எழுந்தது. 1901-இல் நியூயார்க் இசைநாடகக் குழுவினருக்காகப் பெரிய மேடை அமைந்தது.

இந்நிலையில், லூலா நாஃப் என்னும் கைம்பெண் ஒருவர் மண்டபத்தின் நிருவாகத்தை ஏற்றார். பெண் என்றறிந்தால் மதிக்கமாட்டார்கள் என்பதால், ‘எல். சி. நாஃப்’ என்றே கையொப்பமிட்டார். 1955-இல் ஓய்வு பெறும் வரை மண்டபத்தைத் தளரவிடவில்லை. பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் தம் ஆசிரியையோடு 1913-இல் வந்தபோது மண்டபம் நிரம்பி வழிந்தது. 1919-இல் இத்தாலியப் பாடகர் கரூசோ பாடினார். நிற வேற்றுமைச் சட்டங்கள் கொடுமை செய்த அந்நாட்களிலேயே, 1932-இல், கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் இம்மேடையில் நின்று பாடினார்.

1943-ஆம் ஆண்டு சூன் மாதம் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ இங்குக் குடியேறியது. நாட்டுப்புறப் பாடகரும் பிடில், பாஞ்சோ வாசிப்போரும் கூடிப் பாட, காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வானொலி நிலையம் சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பிய நிகழ்ச்சி அது. தொலைவிலுள்ள பண்ணை வீடுகளில் குடும்பம் குடும்பமாக வானொலியைச் சுற்றி அமர்ந்து கேட்டனர். 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் பாஞ்சோவை மீட்டியபோது, ‘புளூகிராஸ்’ என்னும் இசைவகை முழு உருப்பெற்றது என்பர். கன்ட்ரி இசையின் தாய்க்கோவில் என்று மக்கள் இம்மண்டபத்தைப் போற்றத் தொடங்கினர்.

போற்றினாலும், பாடுவோர் பட்ட பாடு சிறிதன்று. குளிர்சாதனம் இல்லை, கோடையில் மண்டபம் அடுப்பாகக் கொதித்தது. ஒப்பனை அறைக்கும் இடமில்லை; பெண்கள் கழிவறையில் நின்று உடை மாற்றினர். ஆதலின் நகர்ப்புறத்தே, ‘ஆப்ரிலேண்ட்’ என்னும் கேளிக்கைப் பூங்காவின் அருகில், புதிய அரங்கு கட்டப்பட்டது. 1974 மார்ச் 15-இல் ஆப்ரி இங்கிருந்து விடைபெற்றது. பழைய மேடையினின்று வட்டமாக மரம் அறுத்தெடுத்து, புதிய மேடையின் நடுவே பதித்துக் கொண்டனர்.

பழைய மண்டபத்தை என்செய்வது? இடித்துவிடலாம் என்றனர் உரிமையாளர். இடித்த செங்கற்களைக் கொண்டு பூங்காவுக்குள் ஒரு சிற்றாலயம் எழுப்புவதாகவும் அறிவித்தனர். பக்தியின் பெயரால் வந்த இத்திட்டத்தை நாட்டின் பல திசையிலிருந்தும் எதிர்த்தனர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் கட்டடக்கலை விமர்சகர் ஏடா லூயிஸ் ஹக்ஸ்டபிள் 1973-இல் கடுமையாகவே கண்டித்தார். இடிப்பு நின்றது. ஆனால் பராமரிப்பும் நின்றது. சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்துச் செல்வதைத் தவிர, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மண்டபம் பெரும்பாலும் ஊமையாய்க் கிடந்தது.

1991-இல் எமிலு ஹாரிஸ் என்னும் பாடகி, மூன்று நாட்கள் இங்குப் பாடி ஒலிப்பதிவு செய்தார். கட்டடம் வலுவிழந்திருந்தமையால், மேல்மாடத்திலோ அதன் அடியிலோ யாரும் அமரக்கூடாது என்று விதித்தனர். இருநூறு பேர் மட்டுமே அனுமதி பெற்றனர். அந்த இருநூறு பேர் கேட்ட பாட்டு, உரிமையாளரின் செவியிலும் விழுந்தது போலும்! பல இலட்சம் டாலர் செலவில் மண்டபம் செப்பனிடப்பட்டு, 1994 சூனில் மறுபடியும் கதவு திறந்தது. முதன்முறையாகக் குளிர்சாதனமும் வந்தது. பெஞ்சுகள் மட்டும் மாறவில்லை. ஆப்ரியும் 1999 முதல் குளிர்காலங்களில் தன் பழைய வீட்டுக்கு விருந்தாளியாக வரத் தொடங்கியது. பகலில் கட்டணம் பெற்றுக்கொண்டு மண்டபத்தைக் காட்டுகின்றனர், இரவில் கச்சேரி. கடனுக்காகத் தொடங்கிய வாடகை வழக்கமே இன்று கூரையைத் தாங்குகிறது. செங்கற்களைக் கேட்ட அந்தக் கேளிக்கைப் பூங்காவோ 1997-இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று கடைத்தொகுதி நிற்கிறது.

இதையெல்லாம் கேட்டு, நடுவிலிருந்த பெஞ்சொன்றில் அமர்ந்தோம். பலர் அமர்ந்து அமர்ந்து மரம் வழுவழுப்பாகியிருந்தது. அப்போது நம் நெஞ்சில் பழைய முள் ஒன்று தைத்தது.

நாம் முதன்முதலாகப் பங்குப் பொறுப்பேற்ற ஊரில், மரக்கூரை வேய்ந்த சிறிய பழங்கோவில் ஒன்று இருந்தது. மழை ஒழுகிற்று, திருநாளன்று பாதிப் பேர் வெயிலில் நின்றனர். புதுக்கோவில் தேவைதான். ஆனால் பழையதைச் செப்பனிட்டு மறைக்கல்விக்கேனும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்ட முதியவர் ஒருவரை, “இடம் வேண்டாமா, பெரியவரே?” என்று இளமைத் துடுக்கில் அடக்கிவிட்டோம். உத்திரங்கள் ஏலம் போயின. அம்முதியவர் வந்து, தம் திருமணத்தன்று முழந்தாளிட்ட பலகையைத் தேடினார். அது ஏற்கெனவே வண்டியேறிப் போய்விட்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. “சரி சாமி” என்று மட்டும் சொல்லிப் போனார். புதுக்கோவில் அழகாகவே எழுந்தது. எனினும் அந்தச் “சரி சாமி” இன்னும் நம் செவியில் நிற்கிறது.

பழையவை அனைத்தையும் காக்க இயலாது; ஒழுகும் கூரையின் கீழ் வரலாறு பேசிக்கொண்டிருப்பதும் அறிவுடைமை ஆகாது. ரைமன் மன்றத்திலும் மேடைப் பலகைகளை மாற்றினார்கள், குளிர்சாதனம் அமைத்தார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவே. அக்கேள்வியை நாம் கேட்கவில்லை.

ஆகவே, அன்பார்ந்த பங்கு மக்களே, உங்கள் ஊரில் பழைய கோவிலையோ பள்ளியையோ இடிக்கும் பேச்சு எழுமாயின், தீர்மானத்தில் கையொப்பமிடுமுன் ஒரு மாலைப்பொழுது அதனுள்ளே சென்று அமருங்கள். ஊரிலேயே மூத்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை எழுந்திருக்க வேண்டாம்.