எதைக் கணக்கில் எடுத்தாய்?

சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போக மூன்று வழிகள் உண்டு. விக்கிரவாண்டியில் இடப்பக்கம் பிரிந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் என்று போகலாம். பெரம்பலூர் வரை திருச்சி சாலையிலேயே போய் அரியலூர், திருமானூர், திருவையாறு வழியாக இறங்கலாம். சுற்றானாலும் பரவாயில்லை என்று திருச்சிக்கே போயும் திரும்பலாம். ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும் இரண்டு கார்களில் ஒன்றுக்கு வழிகாட்டிக் கருவி கும்பகோணத்தைச் சொல்லும், மற்றதற்குத் திருச்சியை. போய்ச் சேரும் நேரமும் அரை மணி, முக்கால் மணி மாறும். கல்யாணத்துக்குக் கிளம்பும் குடும்பங்களில் இதை வைத்தே வாக்குவாதம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். "என் போன் தப்பாகக் காட்டாது மாமா" என்பார் ஒருவர். "கம்பெனியிலேயே காரோடு வைத்துக் கொடுத்தது தப்பாகக் காட்டுமா மாப்பிள்ளை?" என்பார் மற்றவர்.

இரண்டும் பொய் சொல்லவில்லை. ஏன் என்று இளையவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வீட்டுச் சண்டைகள் பலவற்றின் வேரும் அதே காரணம்தான்.

வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு நாம் போகும் சாலை தெரியாது. பூமிக்கு மேலே 20,000 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் சுற்றியபடி, தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் அனுப்புவதுதான் அதன் வேலை. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கருவி கண்டுகொள்கிறது. எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானிப்பது வரைபடமும் கணக்கும்.

அந்தக் கணக்கின் அடிப்படையைப் போட்டவர் நெதர்லாந்துக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில், கடை கடையாக அலைந்த களைப்பில், மணக்கப்போகும் பெண்ணோடு காபி குடிக்க உட்கார்ந்தவர், பேனாவும் காகிதமும் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்து முடித்தார். 1959-இல் அது அச்சில் வந்தது. சாலைகளைச் சந்திப்புக்குச் சந்திப்பு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்தால், கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் வழியை அது தவறாமல் கண்டுபிடித்துவிடும். பின்னால் வந்த முறைகள் அதை வேகப்படுத்தின. கூட்டலில் பிழை வராது. கூட்டுவதற்குக் கொடுக்கும் எண்கள்தான் கருவிக்குக் கருவி வேறு.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? டெல்டாவில் அறுவடைக் காலத்தில் போய்ப் பாருங்கள். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருக்கும். வண்டி ஏறிவிடாமல் இருக்க ஓரத்தில் கல்லையும் கட்டையையும் வைத்திருப்பார்கள். வெயிலில் ஒரு பெண் காலாலேயே நெல்லைத் துழாவிக்கொண்டு நடப்பார். எதிரில் பஸ் வந்தால் நாம் நின்றுதான் போக வேண்டும். காரோடு வந்த பழைய கருவிக்கு இது தெரியாது. இது மாநில நெடுஞ்சாலை, இதில் இவ்வளவு வேகம் போகலாம் என்று என்றோ எழுதிவைத்த எண்ணையே அது எடுக்கும். போனோ, முன்னால் போகிறவர்களின் போன்கள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்று பார்த்து நேரத்தைக் கூட்டும். ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்த ஆற்றங்கரைச் சாலையில் முன்னால் போகிற போன்களே இல்லாவிட்டால், போனும் உத்தேசமாகத்தான் சொல்லும்.

2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களைச் சிறு இழுவண்டியில் போட்டு, காலியான தெருவில் மெதுவாக இழுத்து நடந்தார். கூகுள் மேப்ஸ் அந்தத் தெருவில் நெரிசல் என்று சிவப்பாகக் காட்டியது. அது பார்த்தது போன்களைத்தான்.

வரைபடத்தின் வயதும் முக்கியம். சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரை 50 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை, கொள்ளிடத்தின் மேல் புதிய பாலத்தோடு, 2025 ஜூலையில் முறையாகத் திறக்கப்பட்டது. அதற்குமுன் வரைபடம் ஏற்றிய கார், இன்னும் பழைய ஊர்த்தெருக்களை நினைத்துக்கொண்டு கும்பகோணம் வழியைத் தள்ளிவைக்கும். இத்தோடு நம் சொந்த விருப்பங்களும் உண்டு. 'டோல் வேண்டாம்' என்று எப்போதோ அழுத்தியது அப்படியே இருக்கும். இருசக்கர வாகனத்துக்கு என்று தேர்ந்தெடுத்ததை மாற்றியிருக்க மாட்டோம்.

நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்று. இரண்டு வழிகளின் நேரம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போது, எங்கோ ஓர் ஊரில் 2 நிமிடம் கூடக்குறையக் கணக்கிட்டாலே போதும், வழி முழுக்க மாறிவிடும். ஒரு கார் கும்பகோணத்துக்கும் இன்னொன்று திருச்சிக்கும் போவதைப் பார்த்தால் பெரிய முரண்பாடாகத் தோன்றும். உள்ளே இருப்பது 2 நிமிட வித்தியாசமாகவே இருக்கலாம்.

வீட்டுச் சண்டைகளிலும் இதேதான் நடக்கிறது. பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு வருகிறது. அப்பா ஒரு கல்லூரி, அம்மா வேறொன்று, பெண் மூன்றாவது. ஒருவரை ஒருவர் பிடிவாதக்காரர் என்று நினைக்கிறார்கள். அப்பா கட்டணத்தை எண்ணியிருப்பார், அம்மா பஸ்ஸில் போய்வரும் நேரத்தை, பெண் பாடத்திட்டத்தை. மூவருமே தங்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். 'ஏன் இப்படிச் சொல்கிறாய்' என்று குரலை உயர்த்துவதற்குமுன் 'எதைக் கணக்கில் எடுத்தாய்' என்று கேட்டால், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலும் இதைக் கண்டிருக்கிறேன். கேட்கிற பொறுமைதான் குறைந்துவருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கருவி காட்டும் நேரம் வண்டி ஓடும் நேரம் மட்டுமே. டீக்கு நிற்பது, குழந்தைக்காக ஓரம் கட்டுவது எதுவும் அதில் சேராது. அந்த எண்ணைப் பிடிக்க வேகத்தைக் கூட்டாதீர்கள். ஊரில் காத்திருக்கும் பெரியவர்களிடம் ஒரு மணி நேரம் சேர்த்தே சொல்லுங்கள். நாங்கள் நிம்மதியாகக் காத்திருப்போம்.