கணக்குப்பெட்டி மூடியும் ஒரு கிடாரும்

போன மாசம் முழுக்க வீட்டுல ஒரே ஒரு பேச்சுதான். "ஒரு கிடாருக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?" தங்கமணி முதல் வாரத்திலேயே கழண்டுக்கிட்டாங்க. பையன் ரெண்டாவது வாரம். கடைசியில் நானும் என் எக்ஸெல் ஷீட்டும்தான் மிச்சம். சரி, உங்ககிட்டயாவது சொல்லித் தொலைக்கலாம்னு உட்கார்ந்துட்டேன் :-)

எனக்கு 49 வயசு. மிசிசாகாவில் குடியிருப்பு, டொராண்டோவில் வேலை. பிறந்து வளர்ந்தது கொச்சங்காடி. கொச்சி மட்டாஞ்சேரிக்குள்ளே இருக்கிற ஒரு பழைய மூலை. 1344இல் கட்டின யூதக்கோயில் ஒண்ணு அங்கே இருந்ததாம். கோயில் போயாச்சு, அதோட கல்வெட்டுக் கல் மட்டும் ஜூ டவுன் பரதேசி சினகாக்கில் பத்திரமா இருக்கு. செம்புத் தகடு வேய்ந்ததால் பேர் வாங்கின செம்பிட்ட பள்ளியும் எங்க ஏரியாதான். ஒரு தெருவில் கொங்கணி, அடுத்த தெருவில் குஜராத்தி, உருது, மலையாளம், நடுவில் எங்களை மாதிரி தமிழ்க் குடும்பங்கள்.

அப்பா போடிநாயக்கனூர்க்காரர். 1968இல் பஜார் ரோடில் ஒரு மிளகு, சுக்கு கோடவுனில் கணக்கு எழுத வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதும் சாய்வு மேசை ஒன்று அவருக்கு உண்டு. ஈட்டி மரம். நாங்கள் கணக்குப்பெட்டி என்போம். ஓய்வு பெற்றபோது முதலாளி அதை அவருக்கே கொடுத்துவிட்டார். இந்தக் கதையில் அந்தப் பெட்டிக்கு ஒரு வேஷம் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க.

மட்டாஞ்சேரியில் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. மெஹபூப் (1926–1981) பாடித் திரிந்த தெருக்கள் அவை. அவர் பாட்டை மாடி அறைகளில் ஆர்மோனியம், தபேலாவோடு விடிய விடியப் பாடுகிற ஆட்கள் நான் வளரும்போது இருந்தார்கள். 2018இல் மறைந்த கஸல் பாடகர் உம்பாயியும் எங்க பக்கத்து ஆள்தான். ஆனால் எனக்குப் பைத்தியம் பிடித்தது வேறு பக்கம். கொச்சியில் 'தேர்ட்டீன் ஏடி' என்று ஒரு ராக் குழு இருந்தது. 1990இல் வந்த அவர்களின் 'கிரவுண்ட் ஸீரோ' கேசட்டை நாடா தேயுமட்டும் கேட்டேன். நம்ம ஊர்க்காரர்கள் எலக்ட்ரிக் கிடாரை இப்படி அலற வைக்க முடியுமா என்று ஒரே ஆச்சரியம்.

1993. எனக்கு 17 வயசு. எர்ணாகுளத்தில் ஒரு கடையில் சிவப்பு எலக்ட்ரிக் கிடார், விலை 4,200 ரூபாய். அப்பாவுக்கு அப்போது மாசச் சம்பளம் 1,800. கேட்டேன். அவர் திட்டவில்லை. கணக்குப்பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. வாடகை, மளிகை, அண்ணனோட பாலிடெக்னிக் பீஸ், ஊருக்கு அனுப்புவது என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் 'கிடார் 4,200' என்றும் எழுதினார். பக்கத்தில் 'பிறகு' என்று ஒரு சொல்.

"இல்லைன்னு சொல்லலடா. பிறகுன்னுதான் எழுதியிருக்கேன், பாரு" என்றார்.

ரெண்டு வாரம் நான் அவரோட பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொண்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

துபாய்க்கு வேலைக்குப் போய் 2003இல் சொந்தக் காசில் ஒரு மலிவு கிடார் வாங்கினேன். லீவில் கொண்டுபோய்க் காட்டினேன். விலை கேட்டார், சொன்னேன். "கட்டுப்படியாகும்" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். 2016இல் போய்விட்டார்.

இப்போ நிகழ்காலத்துக்கு வருவோம். 22 வருஷமா அதே கிடார். ஃப்ரெட்டுகள் தேய்ந்து பள்ளமாகிவிட்டன. அதைவிடப் பெரிய பிரச்சினை என் இடது கட்டைவிரல் மூட்டு. அரை மணி நேரம் வாசித்தால் வலி. தோளில் நாலு கிலோ தொங்குவதும் முடியவில்லை. என் கை அளவுக்கு, மெலிந்த நெக்கோடு, மூணு கிலோவுக்குள் ஒண்ணு செய்து வாங்கினால் என்ன என்று யோசனை வந்தது.

ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒருத்தர் கையால் கிடார் செய்கிறார். அருமையான வேலை. விலை 4,800 கனடா டாலர், 13 சதவீத வரி தனி. கூட்டினால் 5,424. நம்ம காசில் மூன்றே கால் லட்சத்துக்கு மேல். கேட்டதும் எனக்குள் இருந்த போடிநாயக்கனூர் கணக்குப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்தக் காசு எங்கேதான் போகிறது என்று தோண்டினேன். எலக்ட்ரிக் கிடாரின் அடிப்படை ரொம்ப எளிமை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள், அதுதான் பிக்கப். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. ஒற்றைச் சுருளில் கரண்ட்டோட 'ம்ம்ம்' என்ற முனகலும் சேர்ந்து வரும் என்பதால், 1955 வாக்கில் கிப்ஸன் கம்பெனியின் செத் லவர் ரெண்டு சுருளை எதிரெதிராக வைத்து அந்த முனகலைக் கொன்றார். அதுதான் ஹம்பக்கர். ஆக, ஒலியில் பிக்கப்புக்குப் பெரும் பங்கு. கைக்குச் சுகம் வேண்டுமானால் நெக்கும், ஃப்ரெட்டுகளைச் சமமாகச் சீவுவதும்தான் முக்கியம். மேலே பதிக்கும் வரி வரியான மேப்பிள் பலகை, சிப்பி வேலை, தங்க முலாம் எல்லாம் பெரும்பாலும் கண்ணுக்குத்தான்.

லியோ ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. ஆனால் அவர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரை உலகமே வாசித்தது. அப்போது அதன் விலை 249.50 டாலர். கழுத்தையும் உடம்பையும் தனித்தனியாகச் செய்து திருகாணி போட்டு முடுக்கினார். நல்ல கருவிக்கு ஆடம்பரம் தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி. குயின் குழுவின் பிரையன் மே இன்னும் ஒரு படி மேல். 1963இல், 16 வயதில், தன் அப்பா ஹரால்டோடு சேர்ந்து கிடார் செய்ய ஆரம்பித்தார். நெக்குக்கு நூறு வருஷத்துக்கு மேல் பழைய கணப்படுப்பு மேடைப் பலகை, மோட்டார் பைக்கின் வால்வு ஸ்பிரிங், அம்மாவின் பின்னல் ஊசி முனை. மொத்தமே எட்டுப் பவுண்டு அளவில்தான் ஆச்சு என்பார்கள். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று வாசித்ததும் அதே கிடாரைத்தான்.

இதைப் படித்ததும்தான் எனக்குக் கணக்குப்பெட்டி ஞாபகம் வந்தது. ஈட்டி! உலகம் முழுக்க ஃப்ரெட்போர்டுக்குத் தேடுகிற மரம். என் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கிறது.

இந்த ஊர்க்காரரிடம் சொன்னேன். "மரம் அருமை, ஆனால் பலகையாகக் கொண்டுவராதே" என்றார். அருகிவரும் உயிர்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 2017 ஜனவரியில் ஈட்டி இனம் மொத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். எல்லை தாண்டினால் அனுமதித் தாள் வேண்டும். கிடார்க்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 நவம்பரிலிருந்து விலக்கு வந்தது. (பிரேசில் ஈட்டி 1992லிருந்தே கடுமையான முதல் பட்டியலில், அதற்கு இந்த விலக்கு கிடையாது.) அதாவது பலகைக்குத் தாள் வேண்டும், அதே பலகை கிடாராக மாறி வந்தால் அந்தத் தாள் வேண்டாம். அப்படியானால் இந்தியாவிலேயே செய்தால் என்ன?

பெங்களூரில் ஒருவரைப் பிடித்தேன். அடிப்படை விலை 1,20,000 ரூபாய். கூடவே ஒரு பட்டியல் அனுப்பினார்: மேப்பிள் மேல்பலகை 30,000, சிப்பி வேலை 18,000, தங்க முலாம் முடுக்காணிகள் 9,000, துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட் 8,000, உயர்ந்த பிக்கப் 14,000. எல்லாவற்றுக்கும் டிக் அடித்தால் 1,99,000. டிக் அடித்தேன், மறைக்க மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாமே தேவைன்னுதான் தோணும்.

மறுநாள் காலையில் அண்ணனிடமிருந்து போன். "டேய், வீட்டுக் கூரை உத்தரம் ரெண்டு உளுத்துப் போச்சு. ஜூன் மழைக்கு முன்னாடி மாத்தணும். உன் பங்கு ஒண்ணேகால் லட்சம் வரும்." அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார். வேறெங்கும் வரமாட்டேன் என்கிறார்.

அண்ணனிடம் கிடார் விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பெட்டிக்காகச் சொல்லித்தானே ஆகணும்? சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்பா பெட்டிய அறுக்கப் போறியா? ஒரு விளையாட்டுச் சாமானுக்கா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பாலிடெக்னிக் முடித்ததும் வேலைக்குப் போய் என் படிப்புக்குப் பணம் கட்டியவர் அவர்.

தங்கமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இன்னும் எத்தனை வருஷம் வாசிப்பீங்க?" வாரம் மூணு மணி நேரம், வருஷத்துக்கு நூற்றைம்பது. விரல் ஒத்துழைத்தால் பதினைந்து வருஷம். 2,250 மணி நேரம். "அப்போ அந்த 2,250 மணி நேரத்துல சிப்பி வேலைய எத்தனை தடவை பார்ப்பீங்க?" என்று கேட்டுவிட்டு சமையலறைக்குப் போயாச்சு.

நானும் ஒரு தாளில் நடுவில் கோடு கிழித்தேன். மேப்பிள், சிப்பி, தங்கம் மூன்றையும் அடித்தேன். எஃகு ஃப்ரெட் தேயாது என்பதால் இருக்கட்டும். பிக்கப்தான் குரல், அதுவும் இருக்கட்டும். 1,42,000. ஃப்ரெட்போர்டு நம்முடையது என்பதால் 2,000 குறைத்தார். அப்பா முப்பத்துச் சொச்சம் வருஷம் எழுதின மூடியின் சந்தை விலை இரண்டாயிரம் ரூபாய் என்று அப்போதுதான் தெரிந்தது. விமானத்துக்குத் தாங்குகிற கெட்டிப் பெட்டி 10,000. ஆக 1,50,000. கூரைக்கு 1,25,000. மொத்தம் 2,75,000. இங்கே ஒரு கிடாருக்குக் கேட்ட காசைவிடக் குறைவில் கிடாரும் கூரையும். கூரைப் பணத்தை முதலில் அனுப்பினேன். அந்த வரிசை முக்கியம் என்று பட்டது.

பெட்டி விஷயத்தைத் தீர்த்து வைத்தது அம்மா. "மூடிய மட்டும் எடுத்துக்கோ. பெட்டி எனக்கு வேணும், மாத்திரையெல்லாம் அதுலதான் வச்சிருக்கேன். மூடிதான் தினமும் கைய நசுக்குது" என்றார். இதைப் போய் மூணு வாரம் யோசித்திருக்கிறேன்!

மூடியைக் கழற்றி பெங்களூருக்கு அனுப்பியது அண்ணன்தான். நான் கேட்கவில்லை. பழைய துணியில் சுற்றி, அட்டை வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார். கீல் திருகு ஓட்டைகளைத் தவிர்த்து, ரேகை நீளவாக்கில் ஓடுகிற ஒரு துண்டு தேறுகிறதாம். 46 சென்டிமீட்டர் நீளம், 6 அகலம், 6 மில்லிமீட்டர் கனம் போதும். தந்தி நீளம் 628 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் ஃப்ரெட் சரியாகப் பாதியில், 314இல் உட்காரும். நீளம் குறைந்தால் விரலுக்குச் சிரமமும் குறைவு. பழைய மரம், நன்றாகக் காய்ந்தது. ஆனாலும் விரிசல் விட்டால் நான் பொறுப்பில்லை என்று செய்பவர் எழுதி வாங்கிக்கொண்டார். கொச்சி ஈரத்தில் இருந்த மரம் மிசிசாகா குளிர்காலத்தில், ஹீட்டர் போட்ட அறையில் சுருங்கும். ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். அறையில் ஈரப்பதம் 40, 50 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடார் வைத்திருக்கும் நம்மாட்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முன்பணம் 75,000 கட்டியாச்சு. ஆறு மாசம் ஆகும். கட்டின அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு உண்மையான தொகையைச் சொன்னேன்.

"ஒன்றரை லட்சமா?" என்றவர் கொஞ்சம் பொறுத்து, "அப்பா இருந்தா பொறவுன்னு எழுதியிருப்பாரு" என்றார்.

"பிறகு வந்தாச்சும்மா" என்றேன்.

"சரி, வரும்போது எடுத்துட்டு வா. அந்தக் கரண்டு டப்பா சத்தத்த மட்டும் கொறச்சு வச்சு வாசி."