ஒரு பகற்பொழுதின் ஸஃபர்

‘தேனிலவு’ என்னும் சொல் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கசக்கிறது. மேல்நாட்டு வழக்கம் என்பர். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளதை எடுத்துக்காட்டி, மகளையும் மருமகப் பிள்ளையையும் வாடகைக் காரில் அனுப்பிவைத்தோம். மருமகன் சபுராளி. விடுப்பில் எஞ்சியவை பன்னிரண்டே நாட்கள்.

ஸஃபர் என்னும் அரபுச் சொல்லின் வேருக்குத் திரை விலக்குதல் என்றும் பொருளுண்டு. மனிதரின் இயல்பை வெளிக்காட்டுவதால் பயணம் அப்பெயர் பெற்றதென்பர் உலமாக்கள். சபுராளி என்பதும் அச்சொல்லின் வழி வந்ததே.

நத்ஹர் வலி தர்காவில் ஸியாரத் முடித்து முக்கொம்பு சென்றனர். காவிரியினின்று கொள்ளிடம் பிரியுமிடம் அது. 1836–38இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணையில் ஒன்பது மதகுகள் 2018இல் அடித்துச் செல்லப்பட்டன. இப்போது புதுக் கதவணை நிற்கிறது. திரும்பும் வழியில் திருவரங்கம். அங்குள்ள கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி படைக்கும் வழக்கத்தை ஓட்டுநர் சொல்ல, மகள் வியந்தாளாம். (இதை நாமன்றோ முன்பே சொல்லியிருக்க வேண்டும்!)

பிறகு வாழைத்தோப்புகளினூடே கல்லணை. பிரிந்த ஆறுகள் மறுபடி நெருங்கும் அவ்விடத்தில்தான், தம் தங்கையின் திருமணக் கடன் தீர இன்னும் இரண்டாண்டு ஆகுமென்று அவர் வாய் திறந்தார். அதுவரை பி.எட். படிக்கலாமா என்று இவள் கேட்டாள். எங்கள் எவரிடமும் அவள் சொல்லாத ஆசை அது!

பன்னிரண்டாம் நாள் அவர் விமானம் ஏறினார். விண்ணப்பத்தை அதற்கு முன்பே இருவருமாக நிரப்பி அனுப்பியிருந்தனர்.