கையை எடு புள்ள

வாகரையிலிருந்து வந்தாறுமூலை கெம்பஸுக்கு வந்து ஒரே அறையில் இருக்கிறோம், நாங்கள் மூன்று பேர். சித்திரை வெயிலிலும் எங்களில் ஒருத்தி முழுக்கைச் சட்டைதான் போடுவாள். ஊருக்குப் போனால் பனிச்சங்கேணி ஆற்றில் குளிக்க இறங்கமாட்டாள். கலியாண வீடென்றால் தலையிடி என்று படுத்துவிடுவாள்.

நுளம்புக்கடியோ பருவோ, எது வந்தாலும் அவள் நகம் தேடிப் போகும். பொருக்கு வைக்கும், பிய்ப்பாள், மறுகாவும் ரத்தம். நாங்கள் செய்த வைத்தியம் ஒன்றுதான்: "கையை எடு புள்ள!" அவளின் அம்மம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினா. ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். புண் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சோதனை நேரம் ஓர் இரவு அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்க ஏசும்போதுதான் கை அங்க கிடக்கிறதே எனக்குத் தெரியுது. அதுக்குப் பிறகு பாத்ரூமுக்குள்ள போய்ப் பிய்க்கிறன்."

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் கையேட்டில் தோலைப் பிய்ப்பதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. முடி பிடுங்குவதும் அதே வரிசையில் வருகிறது. பதற்றத்திலும் கை போகும், சும்மா இருக்கும்போதும் போகும். பிய்க்கும்போது கொஞ்சம் ஆறுதல், பிறகு குற்றவுணர்வு, அதிலிருந்து திரும்பவும் பதற்றம்.

வாகரை என்றால் 2004 சுனாமி, 2006-07 சண்டை, இடப்பெயர்வு என்று காரணம் கைவசம் இருக்கும். ஆனால் அவளைக் கேட்காமல் நாங்களே காரணம் சொல்வதும் "கையை எடு" மாதிரித்தான்.

இதற்குப் பயிற்சி இருக்கிறது. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய முறை அது. கை எப்போது போகிறது என்று கவனிப்பது. போகும்போது முஷ்டியை இறுக்கிப் பிடிப்பது, அல்லது கைக்கு வேறு வேலை கொடுப்பது. இப்போது மனநல கிளினிக்குக்கு அவளோடு நாங்களும் போகிறோம். படிக்கும்போது அவள் கையில் ஒரு பன்புல் இருக்கும், முறுக்கிக்கொண்டே இருப்பாள். புண் முழுக்க ஆறவில்லை. போன லீவில் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கால் தண்ணி மட்டும் ஆற்றில் இறங்கினாள்.

உங்கள் அறையிலும் ஒருத்தி இருக்கலாம். ஏசாமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையும் சொல்லி வையுங்கள்.